அழித்தாலும் மிஞ்சும் பதிவு

அரூரில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். "ஹிஸ்டரிய அழிச்சிட்டா போலீஸ் கண்டுபிடிக்க முடியாதுல்லண்ணா?" என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள். முடியும். அழிவது உங்கள் போனில் இருப்பது மட்டும்தான்.

2004-இல் ஒரு பெண்ணைப் பற்றி இணையத்தில் ஆபாசமாக எழுதியவருக்குச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது. அவ்வழக்கில் சைபர் கஃபே நடத்தியவர்களும் சாட்சி சொன்னார்கள். 2011-இல் வந்த விதிகளின்படி, நாங்கள் வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, வந்த நேரம், போன நேரம், கணினி எண் எழுதி, அந்தப் பதிவேட்டை ஓராண்டாவது காக்க வேண்டும்.

செல்போனில் இந்த வேலை நெட் தரும் நிறுவனத்துடையது. எந்த இணைப்புக்கு எப்போது எந்த ஐபி முகவரி தந்தோம் என்ற பதிவை, 2021 டிசம்பர் உரிமத் திருத்தப்படி குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஒரே முகவரியைப் பல போன்கள் பகிர்வதால், துல்லியமான நேரம் தெரியாவிட்டால் ஆளை அடையாளம் காண்பது கடினம்.

ஆனால் நீங்கள் படித்த ஒவ்வொரு வரியும் அங்கே இருக்காது. பெரும்பாலான தளங்கள் தகவலைக் குறியாக்கம் செய்தே அனுப்புகின்றன. உள்ளே நடந்ததை அறிய அந்தத் தளத்தையோ உங்கள் போனையோதான் போலீஸ் நாட வேண்டும். தளத்திடமிருந்து தகவலைச் சட்டப்படி எழுத்தில் கேட்டுத்தான் பெற வேண்டும். அந்தக் கட்டுப்பாடு தளரவே கூடாது என்பேன்.

மிரட்டலுக்கு ஆளான தங்கைகளே, பயத்தில் மெசேஜை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி நேரத்தோடு புகார் கொடுங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.