ஆழம் தெரிந்தால்தான் வழி தெரியும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கோலக் கெடா படகுத்துறையில் கூட்டம் நிரம்பி வழியும். சுங்கை பட்டாணி, பீடோங், குருண், கூலிம் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக லங்காவிக்குப் புறப்படுவார்கள். ஃபெர்ரியில் ஏறி உட்கார்ந்தால் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் குவா பட்டணம் வந்துவிடும். சன்னல் வழியே பார்த்தால் எங்கும் தண்ணீர். இவ்வளவு பெரிய கடலில் எந்தப் பக்கம் போனால்தான் என்ன என்று தோன்றும்.

ஆனால் உண்மை வேறு. லங்காவியில் 99 தீவுகள் என்பார்கள். கடல் நீர் இறங்கும்போது 104 என்பார்கள். அந்த ஐந்தும் நீர் ஏறும்போது எங்கே போகின்றன? எங்கும் போவதில்லை. தண்ணீருக்குள் தலையை மறைத்துக்கொண்டு அங்கேயே இருக்கின்றன. தீவுகளுக்கு இடையே பயணம் செய்வதிலுள்ள ஆபத்து முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் நீர்ப்பரப்பு அகலமானது. அதற்கடியில் படகு போகக்கூடிய ஆழமான பாதை குறுகலானது. மற்ற இடமெல்லாம் பாறை, மணல்திட்டு, சேறு.

நிரை பார்த்து ஓட்டும் வித்தை

மறைந்திருக்கும் பாதையைப் படகோட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறார்? பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு நிரையின் தலைப்பில் நின்று பார்த்தால் எல்லா மரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து ஒரே மரம்போல் தெரியும். ஓரடி விலகினால் மரங்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். கடலிலும் இதே கணக்குதான். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்களைப் பிடித்துக்கொள்வார்கள். முன்னது தாழ்ந்தும் பின்னது உயர்ந்தும் இருக்கும். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் படகு சரியான வழியில் போகிறது, பிரிந்துவிட்டால் விலகிவிட்டது. துறைமுகங்களில் இதற்காகவே இரட்டை விளக்குகளை நிறுவுகிறார்கள்.

கெடாவில் இந்த வித்தைக்கு வயது அதிகம். 1,200 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலைதான் கடாரத்தைத் தேடி வந்த மாலுமிகளுக்கு முதல் அடையாளம். அதன் அடிவாரத்தில், மெர்போக் ஆற்றை ஒட்டிப் பூஜாங் பள்ளத்தாக்குத் துறைமுகங்கள் வளர்ந்தன. 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி யீ சிங் இவ்வழியாகத்தான் நிக்கோபார் தீவுகளைக் கடந்து இந்தியா சென்றார். 1834இல் கேப்டன் ஜேம்ஸ் லோ செபராங் பிறை வட்டாரத்தில் ஒரு பழைய கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற பெரும் மாலுமி தன் கடற்பயணம் நல்லபடியாக முடிய வேண்டி ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டில் பொறித்த கல் அது. கடலை நன்கு அறிந்தவரே கடலுக்கு அஞ்சியிருக்கிறார்.

சாலையில் இடம், கடலில் வலம்

மலேசியச் சாலையில் வாகனங்கள் இடப்பக்கம் போகின்றன. குறுகிய நீர்ப்பாதையிலோ ஒவ்வொரு படகும் தன் வலப்பக்க ஓரத்தை ஒட்டியே போக வேண்டும். எதிரெதிரே இரண்டு விசைப்படகுகள் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். 1972இல் உலக நாடுகள் ஒப்புக்கொண்டு, 1977 முதல் நடப்பில் இருக்கும் அனைத்துலக விதி இது.

பாதையின் ஓரங்களை மிதவைகள் காட்டுகின்றன. கடலிலிருந்து துறைக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடப்புறமும் பச்சை மிதவை வலப்புறமும் இருக்கும். வெளியேறும்போது இது தலைகீழாகும். கறுப்பும் மஞ்சளும் பூசிய மிதவை, ஆபத்துக்கு எந்தத் திசையில் ஒதுங்கிப் போக வேண்டும் என்று சொல்கிறது.

இரவில் படகே பேசும். அதன் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அந்தப் படகு நேராக நோக்கி வருகிறது என்று பொருள். விளக்கில்லாமல் இரவில் ஓடும் சம்பான் தன்னை மட்டுமல்ல, பிறரையும் ஆபத்தில் தள்ளுகிறது.

கடலின் கடிகாரம்

வழி தெரிந்தால் மட்டும் போதாது. நேரமும் தெரிய வேண்டும். கெடா கரையில் கடல் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் இறக்கமும் மிகப் பெரிதாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீடிக்கும் ஓர் இறக்கத்தில், மூன்றாவது, நான்காவது மணியில் மட்டும் பாதி நீர் வடிந்துவிடும். தீவுகளின் இடுக்கில் நீரோட்டம் முரட்டுத்தனமாக இழுப்பதும் அப்போதுதான்.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஆழம் குறைந்த இடத்தை நீர் ஏறும் வேளையில் கடக்கிறார்கள். அப்போது படகு தரைதட்டினாலும் ஏறும் நீர் அதைத் தூக்கிவிடும். நீர் இறங்கும் வேளையில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை சேற்றில் கிடக்க வேண்டியதுதான்.

இன்னொன்று வானம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையில் ‘சுமாத்ரா’ எனப்படும் திடீர்க் காற்று வரும். பெரும்பாலும் விடியற்காலையில், மேற்கே கறுத்த மேகச் சுவர்போல் எழும். பத்து நிமிடம் முன்பு கண்ணாடிபோல் கிடந்த கடல் கொந்தளிக்கும். பெரிய ஃபெர்ரி தாங்கிக்கொள்ளலாம். தூண்டில் போடப் போன சிறு படகு தாங்காது.

பயணியின் பங்கு

தாத்தா, பாட்டி காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலர் கெடா தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். பினாங்கின் வடமேற்கு முனையில் 1883இல் எழுப்பப்பட்ட முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் இரவில் வரும் கப்பல்களுக்கு நிலத்தைக் காட்டியது. தளத்தில் படுத்திருந்த பயணிகளுக்குக் கடலைப் பற்றிக் கேட்கவும் வழியில்லை, கேட்டால் சொல்லவும் ஆளில்லை.

இன்றைய பயணியின் நிலை அப்படியன்று. தீவு சுற்றிப் பார்க்கவோ மீன் பிடிக்கவோ படகு பேசும்போது நான்கு கேள்விகள் கேட்கலாம். எத்தனை பேரை ஏற்றலாம்? ஒவ்வொருவருக்கும், குழந்தைகளுக்கும் அளவான பாதுகாப்பு அங்கி இருக்கிறதா? நீர் எப்போது இறங்கும்? வானிலை அறிவிப்பு என்ன? அங்கியைக் காலடியில் போட்டுவைத்துப் பயனில்லை, அணிந்திருக்க வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆபத்தில் அழைக்க 999 இருக்கிறது.

படகோட்டி, “இன்று வேண்டாம், காற்று சரியில்லை” என்றால் அவரிடம் மல்லுக்கு நிற்கக்கூடாது. கட்டிய பணம் போகிறதே என்று ஒரு குடும்பம் வற்புறுத்துவதும், வருமானம் போகிறதே என்று அவர் இணங்குவதும் சேர்ந்துதான் பல விபத்துகளுக்குக் கதவைத் திறக்கின்றன. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஆற்றுக்குச் சொன்ன பழமொழி. தீவுகளுக்கு இடையே அது படகுக்கும் பொருந்தும். லங்காவி நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.