மூன்றாக வெட்டிய சாவி

ஆறு இலக்கப் பூட்டைத் திறக்க, அதிகம் போனால் 10 லட்சம் முறை முயல வேண்டும். அதையே தனித்தனியாகத் திறக்கும் இரண்டு மூன்றிலக்கப் பூட்டுகளாக்கினால்? ஆயிரமும் ஆயிரமும் இரண்டாயிரம், அவ்வளவுதான்!

இதே பிழை கணிப்பொறி உலகிலும் நேர்ந்தது. பொள்ளாச்சியில் வீட்டிலிருந்தபடியே ஒருவர் கோவை அலுவலகக் கணிப்பொறியுடன் இணைய உதவும் மறைவுப் பாதையே வி.பி.என். வருபவர் உரியவர்தானா என்று சோதிக்க, எம்.எஸ்.சாப்-2 என்ற முறை பரவலாகப் பயன்பட்டது. அது கடவுச்சொல்லிலிருந்து 128 பிட் இரகசிய எண் ஒன்றை உண்டாக்கும். 2-ஐ 128 முறை பெருக்கினால் வரும் அத்தனை வாய்ப்புகள்! ஆனால் அந்த எண்ணை 56, 56, 16 பிட்டுகளாக வெட்டி, மூன்று சாவிகளாக்கினார்கள்.

கடைசிச் சாவிக்கு 65,536 வாய்ப்புகளே உண்டு. முதலிரண்டும் ஒரே செய்தியைப் பூட்டுவதால், ஒரே தேடலில் இரண்டும் சிக்கிவிடும். கடவுச்சொல் எவ்வளவு நீளமானாலும் பயனில்லை. இணைப்பை ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்தவர், தனிப்பொறியின் உதவியால் ஒரே நாளில் அந்த எண்ணைப் பிடிக்கலாம் என்று 2012-இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக், டேவிட் ஹல்ட்டன் இருவரும் காட்டினர். இம்முறையைத் தனியே நம்ப வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் அவ்வாண்டே எச்சரித்தது.

எட்டிலக்கப் பூட்டை நான்கு நான்காகப் பிரித்தால் எத்தனை முயற்சி போதும்? கணக்கிட்டுப் பாருங்கள்!