கனமும் அமைதியும்



உரத்து ஒலிப்பதெல்லாம் கனமான இசை ஆகிவிடுமா? இவ்வினாவுக்கு விடை காண, முதியோர் பலர் 'வெறும் இரைச்சல்' என்று ஒதுக்கும் ஓர் இசைவகையையே இன்று எடுத்துக்கொள்கிறேன். 'ஹெவி மெட்டல்' என்பது அதன் பெயர். கன உலோகம் என்று பொருள்படும். பாடகரே இல்லாமல் கருவிகளால் மட்டும் நிகழ்த்தும் பிரிவும் அதில் உண்டு. கல்லூரியில் பயிலும் என் பேரனுக்கு இவ்விசை உயிர்; வீட்டாருக்கோ தலைவலி. ஆராயாமல் வெறுப்பதும் கல்வியன்று. ஆராயாமல் போற்றுவதும் கல்வியன்று. ஆகவே நானும் அமர்ந்து கேட்டேன்.

இவ்விசை உருப்பெற்ற இடம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். கணபதியிலும் பீளமேட்டிலும் பவுண்டரிகளின் ஓசைக்கிடையே வளர்ந்தவர்களுக்கு அந்நகரம் அயலாகத் தோன்றாது. அதுவும் உலோகத் தொழிலால் ஓங்கிய ஊர். அங்கே ஒரு தகட்டுத் தொழிற்சாலையில், டோனி அயோமி என்னும் 17 வயது இளைஞர், வேலையை விட்டு விலகவிருந்த நாளிலேயே இயந்திரத்தில் சிக்கி, வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குக் கிதாரின் தந்திகளை அழுத்தும் கை அதுவே. இனி இசையே இல்லை என்று சோர்ந்திருந்தவருக்குத் தொழிற்சாலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கேட்பித்தார். அது, தீ விபத்தில் இரு விரல்கள் முடங்கிய பின்னும் பெரும்புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிதார் இசை. அயோமி எழுந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970-இல் வெளிவந்தது. 1971-இல் வந்த மூன்றாம் தட்டில், சில பாடல்களுக்குத் தந்திகளை மேலும் தளர்த்தி, மூன்று அரைச்சுரம் தாழ்த்திச் சுருதி சேர்த்தார்.

தந்தி தளர்ந்தால் நிகழ்வது யாது? பறையைத் தீயில் காய்ச்சுவதை நம்மூர்த் திருவிழாக்களில் கண்டிருப்பீர்கள். தோல் இறுக, ஒலி உயரும். இது அதன் மறுதலை. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று பௌதிகத்தில் படிக்கிறீர்கள் அல்லவா? நொடிக்கு 82 முறை அதிரும் தடித்த தந்தி 69 முறையாகத் தாழ வேண்டுமானால், இழுவிசையில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு குறைய வேண்டும்.

கனத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. இவ்விசையில் சட்சமும் பஞ்சமமும், அதாவது பழந்தமிழர் கூறிய குரலும் இளியும், ஒருங்கே மீட்டப்படுகின்றன. அவற்றின் அதிர்வெண் விகிதம் 2:3. ஒலிபெருக்கியை அதன் எல்லைக்கு மேல் செலுத்தும்போது அலைகளின் முகடுகள் மழுங்கிப் புதிய அதிர்வுகள் பிறக்கின்றன. அவற்றுள் ஒன்று, மூன்றில் இரண்டு போக எஞ்சும் ஒன்று. குரலுக்கு ஒரு ஸ்தாயி கீழான சுரம். எவரும் மீட்டாத ஒலி நம் செவியில் விழுகிறது!

ஆயினும் இடைவிடாத கனம் செவியை மரத்துப்போகச் செய்யும். இதை நன்குணர்ந்தவர்கள் அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த பெலிக்கன் குழுவினர். இரண்டு கிதார், ஒரு பாஸ் கிதார், டிரம்ஸ் என நால்வரே அக்குழுவினர். அவர்களுடைய முதல் முழுநீள இசைத்தட்டான 'ஆஸ்திரலேசியா' 2003-இல் வெளிவந்தது. அதில் ஆறு உருப்படிகள், ஒன்றிலும் பாட்டில்லை. முதலாவதும் இறுதியானதும் தனித்தனியே பத்து நிமிடங்களைத் தாண்டும். சொல் சுமக்க வேண்டிய பொருளை இங்கே ஏற்றமும் இறக்கமும் சுமக்கின்றன. ஐந்தாம் உருப்படிக்குப் பெயர்கூட இல்லை. மின்விசை சேராத கிதாரின் மெல்லொலியோடு, மரமறுக்கும் வாளை வளைத்து வில்லால் இழைக்கும் ஓசை அதில் இழையோடும். அந்த அமைதியில் செவி இளைப்பாறிய பின்னரே இறுதி உருப்படி தொடங்குகிறது. அதன் கனம் அப்போதுதான் முழுமையாகப் புலப்படுகிறது.

வார்ப்படம் அறிந்த கொங்கு நாட்டாருக்கு இதை விளக்குவது எளிது. அச்சினுள் வெற்றிடம் இருந்தால்தான், உருகிய இரும்பு உருவம் பெறும். வெற்றிடம் இல்லையேல் இரும்பு வெறும் கட்டியே. இசையிலும் அவ்வாறே, அமைதி என்னும் வெற்றிடமே கனத்துக்கு உருவம் தருகிறது.

ஆகவே, மாணவர்களே, இத்தகைய இசையைக் கேட்கும்போது ஒருமுறை ஒலியளவைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். தாழ்ந்த சுரங்கள் சற்று மங்கும். எனினும் ஏற்ற இறக்கத்தின் அழகு எஞ்சினால் அது நல்ல இசை. ஒன்றுமே எஞ்சவில்லையெனில், அதுவரை உங்களைக் கவர்ந்தது உரப்பு மட்டுமே. இச்சோதனை மெட்டலுக்கு மட்டும் உரியதன்று. நாதசுரத்துக்கும் பொருந்தும், மேடைப் பேச்சுக்கும் பொருந்தும். பெரியோரும் ஒருமுறை கதவைச் சாத்தாமல் அமர்ந்து கேட்கலாம்.