பட்டியலில் ஒரு தமிழ் இசைத்தொகுப்பு

பிடித்த பாடலைச் சொல்வது எளிது; பிடித்த இசைத்தொகுப்பைத் தேர்வது கடினம். ஒரு பாடல் மட்டும் இனித்தால் போதாது. தொகுப்பிலுள்ள பாடல்கள் அனைத்தும் பல ஆண்டுகளுக்குப் பின்னும் கேட்கத் தூண்ட வேண்டும்.

2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘டைம்’ இதழ், எக்காலத்திற்கும் சிறந்த திரையிசைத் தொகுப்புகள் எனப் பத்தைத் தேர்ந்தெடுத்தது. அவற்றுள் ஒன்று, 1992இல் வெளிவந்த ‘ரோஜா’. ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த முதல் திரைப்படம் அது. பாடல்களை இயற்றியவர் வைரமுத்து.

அப்படம் பின்னர் இந்தியிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. அதனால் வட மாநிலங்களில் பலர் அம்மெட்டுகளை இந்திச் சொற்களுடனேயே அறிவர். அங்கு வளரும் தமிழ்ச் சிறுவர் சிலரும் அவ்வாறே. (அவர்களைக் குறை கூற இயலாது!) இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், தமிழின் நெடில் எங்கே நீள்கிறது, அவ்விடத்தில் இந்திச் சொல் எவ்வாறு நிற்கிறது என்பதைச் செவியே காட்டும். ‘ரோஜா’வைத் தம் பட்டியலில் சேர்ப்போர் அதன்பின் முடிவு செய்யலாம்.