வாட் போட்ட இருபது பாகங்கள்

விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. 10 நியூட்டன் விசையோடு 3 மீட்டர் தள்ளினால் 30 ஜூல். இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால், வழி நெடுக விசை 10 ஆகவே இருக்க வேண்டும். பாதி வழியில் 6, முடிவில் 2 என்று அது இறங்கிக்கொண்டே போனால் எந்த எண்ணைப் பெருக்குவது?

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தொகையீட்டுக் குறியைப் பார்த்து மிரளுகிறார்கள். குறியின் மீதுள்ள பயத்தில் கேள்வியே மறந்துபோகிறது. அதனால் நான் கரும்பலகையில் முதலில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்தைத்தான் வரைவேன்.

1782இல் வாட் ஒரு காப்புரிமை வாங்கினார். சிலிண்டர் முழுக்க நீராவியை நிரப்ப வேண்டாம். பிஸ்டன் கால்வாசித் தூரம் நகர்ந்ததும் வால்வை மூடிவிடலாம். உள்ளே அடைபட்ட நீராவி விரிந்து மீதித் தூரத்துக்கும் தள்ளும். நிலக்கரி மிச்சம். ஆனால் விரிய விரிய அழுத்தம் குறையும், பிஸ்டனைத் தள்ளும் விசையும் குறையும். அப்படியானால் மிச்சம் எவ்வளவு, நட்டம் எவ்வளவு?

பிஸ்டன் போகும் தூரத்தை வாட் 20 சம பாகங்களாகப் பிரித்தார். முதல் 5 பாகங்களில் அழுத்தம் முழுதாக 1. பத்தாம் பாகத்தில் நீராவி இரு மடங்கு இடத்தை நிறைக்கிறது, அழுத்தம் பாதி. இருபதாம் பாகத்தில் கால். ஒவ்வொரு சிறு பாகத்துக்குள்ளும் விசை மாறவில்லை என்று வைத்துக்கொண்டு இருபதையும் கூட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய 11.6 வரும். சிலிண்டர் முழுக்க நீராவி விட்டிருந்தால் 20. ஆக, கால் பங்கு நீராவியில் சுமார் 58 சதவீத வேலை! பாகங்களை நூறு, ஆயிரம் என்று நுணுக்கிக்கொண்டே போனால் விடை 59.7 சதவீதத்தை நெருங்கும். தொகையீடு தருவதும் அந்த எண்ணைத்தான். பிள்ளைகளைப் பயமுறுத்தும் அந்தக் குறி சொல்வது இந்தக் கூட்டலை மட்டுமே.

நிஜ எந்திரத்தில் இவ்வளவு ஒழுங்கு இருக்காது. வால்வு மெதுவாக மூடும். நீராவி சுவரில் பட்டுக் குளிரும். அழுத்தம் எப்படி இறங்குகிறது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. 1796இல் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் இதற்கொரு வழி கண்டார். அழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் பென்சில், பிஸ்டனோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகரும் பலகை, அதில் ஒரு காகிதம். எந்திரம் ஒரு சுற்று ஓடி முடித்ததும் காகிதத்தில் ஒரு மூடிய வளைவு விழுந்திருக்கும். அந்த வளைவுக்குள் அடங்கிய பரப்புதான் எந்திரம் செய்த வேலை. எந்திரமே தன் கணக்கைத் தன் கையால் எழுதிக் கொடுத்ததுபோல! இயற்பியலில் இதைவிட அழகான கருவியை நான் அறியேன். வாட்டின் நிறுவனம் இதைப் பல ஆண்டுகள் வெளியே விடாமல் காத்தது.

இவ்வளவும் சொன்ன பிறகே சுருள்வில்லுக்கு வருவேன். 1 மீட்டர் இழுக்க 200 நியூட்டன் என்ற கணக்கில் இறுகும் வில் அது. கிராஃப் தாளில் இழுத்த தூரத்துக்கு எதிரே விசையைக் குறித்துக் கோடு போட்டு, கோட்டின் கீழுள்ள கட்டங்களை எண்ணச் சொல்வேன். முதல் 10 சென்டிமீட்டர் இழுக்க 1 ஜூல், அடுத்த 10 சென்டிமீட்டருக்கு 3 ஜூல். ஏன் மூன்று மடங்கு என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. முதல் முக்கோணத்தைப் போல மூன்று, அடுத்த பாகத்தில் அடங்கியிருப்பதை அவர்களே தாளில் காட்டிவிடுகிறார்கள்.