போட்டியும் உண்டு, பொதுக் கணக்கும் உண்டு



வாழப்பாடி மைதானத்தில் டி.என்.பி.எல். கிரிக்கெட் நடக்கும் நாட்கள் அயோத்தியாப்பட்டணத்துக் கடைக்காரர்களுக்கு நல்ல நாட்கள். சேலத்திலிருந்து போகிற கார்களும் வேன்களும் நம் ஊர் வழியாகத்தான் போகின்றன. தண்ணீர் பாட்டில், பிஸ்கட், முறுக்குப் பாக்கெட் வேண்டுமென்று சில்லறைக் கடைகளிலிருந்து மத்தியானத்துக்குள் இரண்டாம் முறை ஆள் வந்துவிடும்.

அப்படி ஒரு நாள் கல்லாவில் உட்கார்ந்திருந்த பேரனிடம் கேட்டோம்: "எட்டு அணிக்கும் முதலாளி வேறு வேறு. ஒருவரை ஒருவர் தோற்கடிக்கத்தான் ஆடுகிறார்கள். பிறகு எப்படி ஒரே கணக்கில் தொழில் நடக்கிறது?" அவன் சொன்னதிலும், பிறகு நாம் படித்துத் தெரிந்துகொண்டதிலும் மளிகைக்காரருக்கு வேண்டிய விஷயம் நிறைய இருந்தது. அதனால் இந்தக் கட்டுரை.

முதலில் நம் ஊர்க் கதை. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-ல் டி.என்.பி.எல். போட்டியைத் தொடங்கியது. எட்டு அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடும் ஒரு முறை மோதும். ஆக 28 ஆட்டம். முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் மேலும் நான்கு ஆட்டம் ஆடிக் கோப்பையை முடிவு செய்கிறார்கள். முதல் கோப்பையை வென்றது தூத்துக்குடி அணி. அந்த அணிதான் பின்பு இடம் மாறி, 2021 முதல் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. 2023-ல் முதன்முறையாக வீரர்களை ஏலம் விட்டபோது ஓர் அணிக்கு 70 லட்சம் ரூபாய்தான் என்று வரம்பு கட்டினார்கள். பணம் உள்ளவர் எல்லா நல்ல ஆட்டக்காரரையும் வாரிக்கொண்டு போகக் கூடாது என்பதே இதன் பொருள்.

இந்த ஏற்பாட்டை நெடுங்காலமாக நடத்திப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ஃபுட்பால் என்பது நாம் உதைத்து ஆடும் பந்து அல்ல. இரு முனையும் கூர்மையான பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியும் எறிந்தும் ஆடுவது. அதன் தொழில்முறைச் சங்கமான நேஷனல் ஃபுட்பால் லீக் 1920-ல் பிறந்தது. 1960-ல் எதிராக இன்னொரு லீக் கிளம்பியது. ஆட்டக்காரர்களுக்கு விலையை ஏற்றி ஏற்றி இரு தரப்பும் களைத்தன. 1966-ல் சமாதானம் பேசி, 1970-ல் ஒன்றாகிவிட்டன.

இப்போது 32 அணிகள். 16, 16 ஆக இரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் நான்கு அணி கொண்ட நான்கு குழு. செப்டம்பரில் தொடங்கி 18 வாரத்தில் ஓர் அணிக்கு 17 ஆட்டம். குழு முதல்வர்கள் நால்வரும், அடுத்து அதிக வெற்றி பெற்ற மூவரும் என ஒரு பிரிவுக்கு ஏழு அணி அடுத்த கட்டம் போகும். தோற்றால் வீட்டுக்கு. இரண்டு பிரிவின் வெற்றியாளரும் பிப்ரவரியில் மோதுவதே சூப்பர் பௌல்.

ஆட்டம் ஐந்து மாதம். மீதி மாதங்கள் ஏற்பாடு. தீபாவளி வியாபாரத்துக்கு ஆடியிலேயே கொள்முதல் யோசிக்கும் நமக்கு இது புதிதல்ல. ஏப்ரலில் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வரும். அன்று முதலில் எடுக்கும் உரிமை கோப்பை வென்றவருக்கு அல்ல, போன வருடம் கடைசியில் நின்றவருக்கு! 1994 முதல் சம்பள உச்சவரம்பும் உண்டு. 2025-க்கு ஓர் அணிக்கு 27 கோடியே 92 லட்சம் டாலர். எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைக்காட்சி உரிமையைக் கூட்டாக விற்று, வந்த பணத்தை 32 பங்காகச் சமமாகப் பிரிக்கிறார்கள். இப்படிக் கூட்டாக விற்க 1961-ல் தனிச் சட்டமே போட்டார்கள்.

இதனால் பிழைத்த ஊர் கிரீன் பே. சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழும் சிறு நகரம். 1919-ல் அங்கிருந்த ஓர் இறைச்சி டப்பா கம்பெனி உடுப்புக்குப் பணம் கொடுத்ததால் அணிக்கு பேக்கர்ஸ் என்று பெயர். 1923-ல் கையில் காசில்லாமல் தத்தளித்தபோது ஊர்க்காரர்கள் ஐந்து டாலர் பங்கு வாங்கித் தூக்கி நிறுத்தினார்கள். அந்தப் பங்குக்கு லாபம் கிடையாது. ஆனால் அணி அந்த ஊரை விட்டுப் போகவில்லை. பெரிய முதலாளியின் அணிகள் நல்ல விலை கிடைத்தால் வேறு ஊருக்குப் பெயர்ந்துவிடுகின்றன. ஓக்லண்ட் அணி 2020-ல் லாஸ் வேகாஸ் போய்விட்டது. முதல் சூப்பர் பௌலை 1967-ல் வென்றது அந்தச் சிற்றூர் பேக்கர்ஸ்தான்.

இதை எழுதும்போது நம் மனதில் ஓர் உறுத்தல் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரே தெருவில் இருந்த இரண்டு மளிகைக் கடைகள் சர்க்கரையையும் எண்ணெயையும் வாங்கிய விலைக்கும் கீழே விற்று மோதின. இருவருக்கும் கடனில் சரக்கு அனுப்பியவர்கள் நாமே. மூட்டை நகர்ந்தால் போதும் என்று இருந்துவிட்டோம். ஒன்றரை வருடத்தில் ஒரு கடை பூட்டிக்கொண்டது. பாக்கி நம் பேரேட்டில் நின்றுபோனது. மற்றவராவது பிழைத்தாரா? அவரும் முதலைத் தின்று தீர்த்திருந்தார். அடுத்த வருடம் பெரிய கடை ஒன்று வந்தபோது எதிர்த்து நிற்க அவரிடம் ஒன்றும் இல்லை. இருவரையும் கூப்பிட்டு வைத்து நாம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

கூடிப் பேசி விலையை ஏற்றுங்கள் என்று சொல்லவில்லை. அது சட்டத்துக்கும் வாடிக்கையாளருக்கும் விரோதம். கடை வாசலில் போட்டி இருக்கட்டும். சரக்கிலும் சேவையிலும் மோதுவோம். வாசலுக்குப் பின்னால் பொதுக் கணக்கு இருக்கட்டும். நம் சேலத்திலேயே முன்னுதாரணம் உண்டு. ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்து, ஒரே கிடங்கில் சரக்கு வைத்து டெண்டரில் விற்கத் தொடங்கினார்கள். அதுவரை விலை வைத்தவர்கள் நம்மைப் போன்ற வியாபாரிகள். அன்று நமக்குக் கசந்தது. அவர்கள் செய்தது சரி என்று இன்று சொல்கிறோம்.

மாதாந்திரக் கூட்டத்தில் மூன்று காரியம் பேசலாம். லீ பஜாரிலிருந்து ஐந்தாறு கடைக்குச் சேர்த்து ஒரே லாரியில் சரக்கு ஏற்றினால் வாடகையும் இறக்கு கூலியும் குறையும். பருப்பு, புளி, மிளகாய் போன்றவற்றைக் கூட்டாகக் கொள்முதல் செய்தால் சிறு கடைக்கும் பெரிய கடையின் விலை கிடைக்கும். நொடித்துப்போகும் நிலையில் உள்ள கடைக்கு அந்தக் கொள்முதலில் முதல் பங்கும் கூடுதல் தவணையும் கொடுக்கலாம். மூன்றாவதற்கான தவணையை முதலில் கொடுக்க நாம் தயார்.

எதிரணி இல்லாமல் ஆட்டம் இல்லை. பக்கத்துக் கடை பூட்டினால் அந்த வியாபாரம் நமக்கு வரும் என்று நினைக்க வேண்டாம். ஜனங்கள் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய்விடுவார்கள்.