விரல் மேல தப்பில்லை... கம்பியைப் பாருங்க!

உங்க ஹாஸ்டல் ரூமில், கட்டிலுக்கு அடியில் ஒரு கிடார் தூசி படிந்து தூங்குதா? அப்படின்னா இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்!

கதை எல்லா காலேஜிலும் ஒண்ணுதான். முதல் வருஷம் அப்பாவை நச்சரிச்சு கிடார் வாங்குவாங்க. 'பிக்' பிடிச்சு நாலு கார்ட் தட்டக் கத்துக்குவாங்க. அப்புறம் ஆசை வளரும். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் 'இளைய நிலா' பாட்டு ஆரம்பிக்கும்போது வருமே ஒரு கிடார்... அதை பிக் இல்லாமல், வெறும் விரலால் வாசிச்சுப் பார்க்கணும்னு உட்காருவாங்க.

பத்தே நாள்! இடது கை விரல் நுனியெல்லாம் சிவந்து, வலது கை நகம் உடைஞ்சு, "நமக்கு விரல் செட் ஆகலை மச்சி"ன்னு கிடார் கட்டிலுக்கு அடியில் போயிடும்.

ஒரு நிமிஷம் பாஸ்... தப்பு உங்க விரல் மேல இல்லாமலும் இருக்கலாம். கிடாரோடு கூடவே வந்த அந்தப் பழைய கம்பியை எப்பவாவது மாத்தினீங்களா? புது கிடாருக்கு ஆயிரக்கணக்கில் செலவு பண்றதுக்கு முன்னாடி, சில நூறு ரூபாய்க்கு ஒரு நல்ல ஸ்ட்ரிங் செட் போட்டுப் பாருங்க. எந்த செட்? அதைத்தான் பார்க்கப் போறோம்.

விரலுக்கு ஏன் தனி கம்பி?

ஃபிங்கர் ஸ்டைலில் கட்டை விரல் கீழ் ஸ்தாயி கம்பிகளில் தாளம் மாதிரி பேஸ் வாசிக்கும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டு வாசிக்கும். ஒரே ஆள், ரெண்டு கிடார் மாதிரி! அமெரிக்காவின் மெர்ல் டிராவிஸ், சேட் அட்கின்ஸ் எல்லாம் இதில் தாத்தாக்கள். ஆஸ்திரேலியாவின் டாமி இமானுவேல் அவங்க வழியில் வந்தவர். 2006-ல் ஆண்டி மெக்கீ வாசித்த 'ட்ரிஃப்டிங்' வீடியோ யூடியூப்பில் பரவிய பிறகு, இந்த ஸ்டைல் மேல் பைத்தியமானவங்க ஏராளம்.

பிளாஸ்டிக் பிக் எப்படிப்பட்ட கம்பியையும் அடிச்சு எழுப்பிடும். விரல் சதை அப்படி இல்லை, மெத்தென்று இருக்கும். அதனால் லேசாகத் தொட்டாலே பதில் சொல்ற கம்பி வேணும். ரகசியம் இவ்வளவுதான்.

முதல்ல கிடாரைப் பாருங்க

கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க கிடார் எந்த ஜாதின்னு கண்டுபிடிங்க. கம்பியின் நுனி, பிரிட்ஜில் உள்ள ஓட்டைக்குள் போய், மேலே சின்னதாக ஆறு பின் குத்தியிருந்தால் அது ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக். கம்பியை பிரிட்ஜில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் அது கிளாசிகல். அதுக்கு நைலான் கம்பிதான் போடணும்.

இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கு. கிளாசிகல் கிடாரின் மூணு தடிமனான கம்பிகளும் உலோகம் மாதிரி மின்னும். அதைப் பார்த்து ஸ்டீல் செட் வாங்கிடாதீங்க! உள்ளே இருப்பது நைலான் இழை. மேலே மெல்லிய உலோகம் சுத்தியிருக்கு, அவ்வளவுதான்.

மாத்திப் போட்டா என்ன ஆகும்? நைலான் செட் மொத்தமாக இழுக்கிற இழுப்பு சுமார் 40 கிலோ. ஸ்டீல் '12 செட்' இழுப்பது 70 கிலோவுக்கும் மேல். ஒரு ஆளையே பிரிட்ஜில் தொங்கவிட்ட மாதிரி! கிளாசிகல் கிடாரில் ஸ்டீல் போட்டால் பலகை வீங்கும், கழுத்து வளையும், ஒரு நாள் ராத்திரி 'டமார்'னு பிரிட்ஜே பிடுங்கிட்டு வரும். அப்புறம் அப்பாவுக்கு போன் பண்ணி என்ன சொல்வீங்க?

நைலானுக்கும் ஒரு கதை உண்டு. 1940-கள் வரை கிளாசிகல் கிடாரில் விலங்குக் குடலில் செய்த கம்பிதான். இரண்டாம் உலகப் போரில் அந்தக் குடல் நூல் ஆபரேஷன் தையலுக்குப் போய்விட்டது. கம்பிக்குத் தட்டுப்பாடு! அப்போது நியூயார்க்கில் கிடார் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டின் நைலானைக் கையில் எடுத்தார். மேதை செகோவியா அதை வாசித்து ஏற்றுக்கொண்டதும் குடல் கம்பியின் காலம் முடிந்தது.

10-ஆ, 11-ஆ, 12-ஆ?

இனி ஸ்டீல் கம்பிக்காரர்களுக்கு. கடையில் "எந்த கேஜ்?"னு கேட்பாங்க. முழிக்காதீங்க. அது முதல் கம்பியின் தடிமன். '11 செட்' என்றால் முதல் கம்பி 0.011 அங்குலம், அதாவது 0.28 மில்லிமீட்டர். எண் ஏற ஏறத் தடிமன் கூடும். இழுப்பும் கூடும், சத்தமும் கூடும், விரல் வலியும் கூடும்!

10 செட்: வெண்ணெய் மாதிரி அழுத்தலாம். விரல் பழகாதவர்களுக்கு ஆறுதல். ஆனால் கட்டை விரலால் கொஞ்சம் ஓங்கி அடித்தால் கம்பி ஃப்ரெட்டில் பட்டு 'கிர்ர்'னு இரையும். சத்தமும் ஒல்லி.

11 செட்: இதுதான் நடுத்தெரு. அழுத்தவும் சுலபம், பேஸுக்கும் சதை உண்டு. ஃபிங்கர் ஸ்டைலைப் புதுசா ஆரம்பிக்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டு இதைக் கேட்கலாம்.

12 செட்: கனமான, நிறைவான சத்தம். கை பழகினவங்களுக்கு. சில பாட்டுக்குக் கம்பியைத் தளர்த்தி வேற சுருதியில் வைப்பாங்க. அப்போ 10 செட் தொளதொளன்னு ஆயிடும், 12 செட் தாங்கும்.

பித்தளையா, வெண்கலமா?

அட்டையில் ரெண்டு பெயர் அடிக்கடி கண்ணில் படும். '80/20 பிரான்ஸ்' என்றால் 80 சதவீதம் செம்பு, 20 சதவீதம் துத்தநாகம். பெயர்தான் வெண்கலம், உண்மையில் பித்தளை! பளீர்னு கண்ணாடி மாதிரி ஒலிக்கும். சீக்கிரம் மங்கவும் செய்யும். 'பாஸ்பர் பிரான்ஸ்' என்பது செம்பும் கொஞ்சம் வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும் சேர்ந்தது. 1974-ல் டடாரியோ கம்பெனி கிடார் கம்பிக்குக் கொண்டுவந்தது. ஒலி இதமாக, உருண்டையாக இருக்கும். விரலால் வாசிக்கிறவங்களில் பலர் இதுக்குத்தான் ஓட்டுப் போடுறாங்க.

மூணாவதாக ஒரு அமைதியான ஆள் உண்டு... 'சில்க் அண்ட் ஸ்டீல்'. ஸ்டீலுக்கும் மேல்சுற்றுக்கும் நடுவில் பட்டு இழை வச்சிருப்பாங்க. சத்தம் குறைவு, விரலுக்குப் பூ மாதிரி. ரூம் மேட் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்துக்கு ஏற்றது!

எலெக்ட்ரிக் கிடார் செட் மட்டும் வேண்டாம். மெல்லிசா இருக்கேன்னு ஆசைப்பட்டு வாங்கினால், அக்கூஸ்டிக்கில் ஒலி சப்பென்று போயிடும்.

வியர்வைதான் வில்லன்

நம்ம ஊர் வெயிலும் கடற்கரைக் காற்றும் கம்பிக்கு எமன். கை வியர்வை பட்டு, கறுத்து, துருப்பிடிச்ச கம்பி விரலை அறுக்கும். சுருதியும் நிக்காது. வாசிக்கிறதுக்கு முன்னாடி கை கழுவுங்க. முடிச்சதும் ஒரு பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைங்க. பைசா செலவில்லை. கை ரொம்ப வியர்க்கும்னா, மேலே மெல்லிய பூச்சு கொடுத்த 'கோட்டட்' கம்பி வாங்கலாம். விலை கூடுதல், ஆனால் நாள் வரும். விரல் நகரும்போது வரும் அந்தக் 'கீச்' சத்தமும் குறையும்.

கம்பியை மாத்தியும் வலிக்குதா?

ரெண்டு வழி இருக்கு. முதலாவது இலவசம். ஆறு கம்பியையும் அரை சுருதி இறக்கி வையுங்க. இழுப்பு சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். பாட்டோடு சேர்ந்து வாசிக்கணும்னா முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டிக்கோங்க.

ரெண்டாவது, ஒரு ஸ்கேல் எடுத்து 12-வது ஃப்ரெட்டுக்கும் தடிமனான ஆறாவது கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. ஸ்டீல் கிடாரில் இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் நல்லது. மூணைத் தாண்டினால் எந்தக் கம்பி போட்டாலும் வலிக்கும். கிடார் ரிப்பேர் பண்றவரிடம் கொடுத்து இறக்கச் சொல்லுங்க.

அப்புறம், கொஞ்சம் வலி எல்லாருக்கும் உண்டு. விரல் நுனி காய்ச்சுப் போக சில வாரம் ஆகும். அதைப் பொறுத்துக்கலாம். தப்பான கம்பி தர்ற வலியை ஏன் பொறுக்கணும்?

இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கு அடியில் குனியுங்க. தூசி தட்டுங்க. பழைய கம்பிகளை ஒவ்வொண்ணா கழற்றி, ஒவ்வொண்ணா புதுசு மாட்டுங்க. கட்டை விரலால் ஆறாவது கம்பியை ஒரே ஒரு தடவை தட்டுங்க.

அந்த சத்தம் ரூம் முழுக்க நிறைஞ்சு நிற்கும்போது உங்களுக்கே தெரியும்... விரல் எப்பவோ ரெடி, கம்பிதான் லேட்!